பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்

2021 ஜூலை கடைசியில் ஒரு நாள், இரவு வேலை இடைவேளையில் பண்டகசாலை வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மூத்தவனிடமிருந்து போன் வந்தது. “அப்பா, கட் பண்ணிட்டினம்.” அவ்வளவுதான் சொன்னான். மேற்கில் ஒரு நகரத்தில், ஹோட்டல் அறையில் இருந்து கதைக்கிறான். பின்னால் யாரோ பாக் அடுக்கும் சத்தம் கேட்டது. விடிய வீட்டுக்கு வந்து மனிசியிடம் அதே வார்த்தையைச் சொன்னேன். அவள் பதறிப்போய், “ஐயோ, எங்க வெட்டுப்பட்டது, ஆஸ்பத்திரியிலயோ?” என்று கேட்டாள். ரீமில் இருந்து நீக்கிவிட்டார்கள் என்பதைத்தான் அவன் அப்படிச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிய, நிலக்கீழ் அறைப் படியில் இருந்து நல்லா அழுதேன்.

கனடியன் ஃபுட்போல் லீக்கில் ரன்னிங் பாக் ஆக வேண்டும் என்று என் மகன் ஒன்பது வருஷம் ஓடினான். லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. இந்த ஒன்பது வருஷத்தில் ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்த தமிழ்த் தகப்பன்மார் ஒருவரிடமும் இதைப் பற்றிக் கேட்க முடியவில்லை. கிரிக்கெட் என்றால் பத்துப் பேர் ஆலோசனை சொல்வார்கள், சொக்கர் என்றாலும் சொல்வார்கள். இதைச் சொன்னால், “அந்த அடிபாட்டு விளையாட்டோ, ஏன் அண்ணை விட்டனீங்கள்?” என்றுதான் கேட்பார்கள். எனக்கு யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம் என்று நினைக்கும் விஷயங்களை இதில் எழுதுகிறேன். பெருமைக்காக இல்லை. இப்போது மாதத்தில் ஒருவராவது போன் எடுத்துக் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொல்லிக் களைத்துப்போனேன்.

2012 செப்டெம்பர், ஒன்பதாம் வகுப்பு. ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, “அப்பா, கையெழுத்து வையுங்கோ, ரீமுக்குச் சேரப்போறன்” என்றான். நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். வாசிக்காமலே வைத்துவிட்டேன். நாலு பக்கம். அதில் மூளை அதிர்ச்சி பற்றி ஒரு பக்கம் இருந்தது என்று பிறகுதான் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போய் கோச்சிடம், “பயிற்சி நேரத்தில் அடிபட்டால் பார்க்க யார் நிற்கிறார்கள்? ஹெல்மெற் அளவை யார் பார்க்கிறது?” என்று கேட்டிருக்க வேண்டும். போட்டி நாளில் ஆள் நிற்கும், பயிற்சி நாளில் பெரும்பாலும் நிற்காது. அடியோ பயிற்சியில்தான் கூட. எனக்கு ஆங்கிலம் தடக்கும் என்ற வெட்கம். அந்த வெட்கம் பிறகு எனக்கு நிறையச் செலவு வைத்தது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அமெரிக்கக்காரர் விளையாடுவதற்குச் சொந்தக்காரன் மாதிரித்தான், ஆனால் ஒன்றல்ல. இங்கே ஒரு பக்கம் 12 பேர். மகன் ஓடிய காலத்தில் மைதானம் 110 யார் நீளம், 65 யார் அகலம். பத்து யார் முன்னேற அமெரிக்காவில் நாலு தரம் முயற்சி செய்யலாம், இங்கே மூன்றே தரம். முயற்சி குறைவென்றபடியால் இங்கே ஓடுவதைவிட எறிவதுதான் கூட. ரன்னிங் பாக் என்பவன் பந்தை வாங்கிக்கொண்டு மனிதச் சுவருக்குள் துவாரம் பார்த்து ஓடுகிறவன். ஒவ்வொரு தரமும் மூன்று நாலு பேர் அவன்மேல் விழுவார்கள். தட்டினால் உடையாத உடம்பாக இருந்தாலும் இந்த இடத்தில் நிற்கிறவர்களின் காலம் குறுகியது. இதை நான் விளங்கிக்கொள்ளவே இரண்டு வருஷம் எடுத்தது. முதல் வருஷம் முழுக்க எந்தப் பக்கம் எங்கடை பக்கம் என்பதே தெரியாமல், மற்றவர்கள் எழும்பும்போது நானும் எழும்பிக் கைதட்டினேன்.

நான் மறித்தபோது அவன் என்னை மடக்கியது நோர்மி குவாங் கதையைச் சொல்லி. கல்கரியில் பலசரக்குக் கடை வைத்திருந்த சீனக் குடும்பத்தில் 1929இல் பிறந்தவர். சீனர்கள் கனடாவுக்குள் வருவதைத் தடுத்த சட்டம் 1947இல்தான் நீக்கப்பட்டது. அடுத்த வருஷமே, 19 வயதில், கல்கரி ஸ்டம்பீடர்ஸ் ரீமில் கனடிய ஃபுட்போலின் பெரிய கிண்ணமான கிரே கப் வென்றார். பிறகு எட்மன்டனுக்குப் போய் 1954, 55, 56 என்று அடுத்தடுத்து மூன்று. கடைசியில் அல்பேர்ட்டா மாகாணத்தின் துணைநிலை ஆளுநராகவே இருந்தார். “கடைக்காரன்ர மகன் செய்தவர், வெயார்ஹவுஸ்காரன்ர மகன் செய்யேலாதோ?” என்றான். 15 வயதுப் பெடியன் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது?

இனி காசுக் கதை. பதினோராம் வகுப்பில் நல்லா ஓடினான். ஒரு நாள் போட்டி முடிய மைதான வேலிக்கரையில் ஒருவர் வந்து கார்ட் தந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முழு ஸ்கொலர்ஷிப் எடுத்துத் தருவாராம், வீடியோ வெட்டி 200 கோச்மாருக்கு அனுப்புவாராம். 3,600 டொலர். இரண்டு தவணையில் கொடுத்தேன். அவர் சொன்ன முகாமுக்கு ஓகஸ்ட் மாதம் எல்லை தாண்டிக் காரோட்டிக்கொண்டு போனோம். பெற்றோல், ஹோட்டல், முகாம் கட்டணம் எல்லாம் 2,200 வந்தது. அங்கே இவன் வயதில் நூற்றுக்கணக்கான பெடியள் வரிசையில் நிற்கிறார்கள், ஒருவரும் இவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பிறகு ஒரு பள்ளிக்கூட ஆலோசகர்தான் உண்மையைச் சொன்னா. அமெரிக்காவில் முதல் பிரிவில் விளையாட அவர்கள் ஏற்கும் 16 பாடங்கள் முடித்திருக்க வேண்டும், இவன் எடுத்த கணிதம் அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது 200 கோச்மாரும் விரும்பியிருந்தாலும் இவனால் போயிருக்க முடியாது. கார்ட் தந்த மனிதர் இதை ஒருநாளும் வாயெடுத்துச் சொல்லவில்லை. ஆகவே அமெரிக்க ஆசை இருந்தால் ஒன்பதாம் வகுப்பிலேயே பாடங்களைப் பாருங்கோ. வீடியோவைப் பிள்ளையே வெட்டலாம், இப்போது எல்லாப் பெடியளும் ஹடில் தளத்தில் போடுகிறார்கள். முதல் மூன்று நிமிஷத்துக்குள் நல்லதெல்லாம் வர வேண்டும், அதற்கு மேல் எந்தக் கோச்சும் பார்க்கமாட்டார். கடிதத்தைப் பிள்ளை தானே எழுத வேண்டும். உண்மையான ஏஜென்ட் என்பவர் பிள்ளைக்குச் சம்பளம் வந்த பிறகு அதில் ஒரு வீதம் எடுக்கிறவர். முன்கூட்டிக் காசு கேட்கிறவர் வேறு தொழில் செய்கிறார்.

2016இல் ஒன்ராறியோவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டான். எங்கடை சனம் “ஸ்கொலர்ஷிப்பாமே!” என்று கோயிலில் வைத்துக் கேட்டது. வருஷத்துக்கு 4,000 டொலர், அதுவும் அவன் புள்ளி 80க்கு மேல் இருந்தபடியால். வாடகை, சாப்பாடு எல்லாம் எங்கடை தலையில். குறை சொல்லவில்லை, ஆனால் தொலைக்காட்சியில் பார்க்கிற அமெரிக்கக் கணக்கு இங்கே கிடையாது. நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று: காயப்பட்டு ஒரு வருஷம் விளையாடாவிட்டால் இந்தக் காசு அடுத்த வருஷம் வருமா? வாயால் “ஓம், பார்ப்போம்” என்றார்கள். எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். வரவில்லை.

முழங்கால் போனது 2017 செப்டெம்பரில், அந்த வருஷத்தின் மூன்றாவது ஆட்டத்தில். யாரும் அடிக்கக்கூட இல்லை. இடப்பக்கம் வெட்டித் திரும்பினான், கால் புல்லில் நின்றுவிட்டது, உடம்பு போய்விட்டது. தனக்கு ‘டக்’ என்று கேட்டது என்றான். நான் மேலே படிக்கட்டில் கையில் பிளாஸ்க்கோடு இருந்தேன். எழும்பி நடந்து வெளியே வந்தான், அதனால் சுளுக்கு என்று நினைத்தோம். எம்.ஆர்.ஐ. எடுக்க ஐந்து கிழமை காத்திருந்தபிறகுதான் ஏ.சி.எல். என்கிற முழங்கால் தசைநார் முழுதாக அறுந்திருக்கிறது என்று தெரிந்தது. ஒபரேஷன் 2018 பெப்ரவரியில். ஸ்கானுக்கும் ஒபரேஷனுக்கும் ஒரு சதம் கேட்கவில்லை, அதற்கு இந்த நாட்டுக்குக் கும்பிடு. ஆனால் இந்தக் காயத்தில் ஒபரேஷன் கால்வாசி வேலைதான், மிச்சம் பிசியோதெரபி. அங்கேதான் நான் விழுந்தேன்.

இதைக் கவனமாக வாசியுங்கோ. ஒன்ராறியோவில் மாகாண சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப் பிசியோவுக்குக் காசு கட்டுவது பெரும்பாலும் 19 வயது வரைக்கும், பிறகு 65க்கு மேலும்தான். இடையில் இருக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இரவு தங்கியிருந்தால் கிடைக்கும். என் மகனுக்குச் செய்த ஒபரேஷன் காலையில் போய் பின்னேரம் வீட்டுக்கு வருகிறது. அவனுக்கு ஜனவரியில் 20 பிறந்தது, ஒபரேஷன் பெப்ரவரியில். போதாக்குறைக்கு செப்டெம்பரில் இருந்து ஜனவரி வரைக்கும் 19 வயது, வைத்தியரின் கடிதத்தோடு அரசாங்கம் காசு கட்டுகிற கிளினிக்குக்குப் போயிருந்தால் ஒபரேஷனுக்கு முந்திய பயிற்சி முழுதும் சும்மா கிடைத்திருக்கும். தெரியாமல் வீட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு இருந்தோம், தொடை மெலிந்து என் கை அளவாகிவிட்டது. பிறகு ஒரு தடவைக்கு 85 டொலர், கிழமைக்கு இரண்டு தரம், 60 தடவை. 5,100. என் வேலைத்தலக் காப்புறுதி வருஷத்துக்கு 500 தந்தது, மாணவர் காப்புறுதி 400. முழங்கால் பட்டி 1,100. கையால் போனது 5,300. உங்கள் வேலைத்தல பெனிஃபிட் புத்தகத்தைக் காயம் வருவதற்கு முன் ஒருக்கால் திறந்து பாருங்கோ, பிசியோ என்ற வரிக்கு நேரே என்ன இலக்கம் இருக்கிறது என்று. இரண்டு காப்புறுதி இருந்தால் எது முதலில் என்றொரு ஒழுங்கு இருக்கிறது, மாற்றி அனுப்பினால் இரண்டு பேரும் திருப்பி அனுப்புவார்கள். எனக்கு அனுப்பினார்கள்.

சத்திரசிகிச்சை நிபுணர் ஒன்பது மாதம் என்றார். எட்டாவது மாதமே இவன் பயிற்சிக்கு இறங்கினான். நான் மறிக்கவில்லை, சீசன் முடியப்போகிறதே என்ற அவசரம் எனக்கும் இருந்தது. நல்லகாலம் ஒன்றும் நடக்கவில்லை. அதைத் துணிச்சல் என்று யாருக்கும் சொல்லமாட்டேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு இன்னும் நித்திரையைக் கெடுப்பது. 2019 வசந்தகாலத்தில் கோச் கூப்பிட்டு, “கிக் அடிக்கும்போது ஓடிப்போய் மறிக்கிற ரீமில் நில், ஃபுல்பாக் இடத்தையும் பழகு” என்று சொல்லியிருக்கிறார். இவன் எனக்குப் போன் எடுத்துக் கேட்டான். ஃபுல்பாக் என்பவன் பந்தோடு ஓடுவது குறைவு, மற்றவன் ஓட வழி வெட்டிக்கொடுக்கிறவன். கிக் மறிக்கிற ரீம் என்றால் ஐம்பது யார் ஓடி யாரையாவது மோதி விழுத்துவது, பெயர்கூடச் சொல்லமாட்டார்கள். எனக்குச் சுருக்கென்று வந்தது. எங்கடை நிறத்தைப் பார்த்துத்தான் கீழே இறக்குகிறார்கள் என்று நினைத்தேன். 94இல் இந்த நாட்டுக்கு வந்து கண்ட சில அனுபவங்கள் அப்படி. “ஓடுறவனை ஏன் தள்ளுறவனா மாத்தினம்? நீ சம்மதியாத” என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “சரியப்பா” என்றான்.

எனக்குத் தெரியாதது என்ன? இந்த லீக்கில் ஒவ்வொரு ரீமும் தொடக்கத்தில் இறக்குகிற ஆட்களில் குறைந்தது ஏழு பேராவது கனடியராக இருக்க வேண்டும் என்று அப்போது இருந்த சட்டம். கேட்டால் எங்களுக்கு நல்லது மாதிரி. ஆனால் ரீம்கள் அந்த ஏழு இடத்தையும் பெரும்பாலும் முன்வரிசைத் தடியன்களுக்கும் பந்து பிடிக்கிறவர்களுக்கும் பின்காவல்காரருக்கும் ஒதுக்கிவிடும். ரன்னிங் பாக் இடத்துக்கு அமெரிக்காவில் இருந்து ஆள் எடுக்கும். லீக் வரலாற்றில் ஆகக் கூடிய தூரம் ஓடிய இருவர், 16,425 யார் ஓடிய மைக் பிரிங்கிளும் 16,116 யார் ஓடிய ஜோர்ஜ் ரீடும், அமெரிக்காவில் இருந்து வந்தவர்களே. அப்படியென்றால் கனடாப் பெடியன் எந்த வாசலால் உள்ளே போகிறான்? கிக் மறிக்கிற வாசலால். ஜோன் கோர்னிஷ் 2013இல் 1,813 யார் ஓடி லீக்கின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினவர், அதற்கு முந்தின வருஷம், கனடியர் ஒருவர் ஒரு சீசனில் ஓடிய ஆகக் கூடிய தூரம் என்ற குவாங்கின் 1956ஆம் ஆண்டுச் சாதனையை முறியடித்தவர். அப்பேர்ப்பட்டவர் கல்கரியில் பல வருஷம் இன்னொருவருக்குப் பின்னால் நின்று ஸ்பெஷல் ரீமில், அதாவது அந்தக் கிக் ரீமில், ஓடியவர். அண்ட்ரூ ஹரிஸ் பல்கலைக்கழகத்தில்கூட விளையாடவில்லை, வன்கூவர் தீவில் ஜூனியர் ரீமில் ஆடியவர், பி.சி. லயன்ஸில் பயிற்சிப் பட்டியலில் இருந்து தொடங்கினவர். 2019 நவம்பரில் கல்கரியில் நடந்த கிரே கப்பில் வின்னிபெக் ரீமுக்காக 134 யார் ஓடி, ஆட்டத்தின் சிறந்த வீரர், சிறந்த கனடியர் இரண்டு விருதையும் ஒரே இரவில் எடுத்தார். நானும் மகனும் சோபாவில் இருந்து கத்தினோம். அவர் ஓடினதைத்தான் பார்த்தேன், ஓட இடம் கிடைக்குமட்டும் என்ன செய்தார் என்று பார்க்கவில்லை. உங்கள் பிள்ளை கனடாவில் பிறந்த ரன்னிங் பாக் என்றால், முதல் வருஷத்திலேயே போய் கோச்சிடம், “என்னைக் கிக் ரீமில் போடுங்கோ” என்று அவனே கேட்கட்டும். கேட்டு வாங்க வேண்டிய இடம் அது. நான் தட்டிக்கழிக்கச் சொன்னேன்.

அந்த 2019 சீசனில் எட்டு ஆட்டத்தில் 540 யார் ஓடினான். ஒக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தான். மனிசி புட்டும் மீன்குழம்பும் வைத்தாள். குசினி லைற்றை அணைத்துவிட்டு, இருட்டில் இருந்து சாப்பிட்டான். “ஏனப்பன்?” என்று கேட்டதற்கு, “கண் கூசுது” என்றான். குழம்பு விட்ட புட்டுக்கு மேலே திரும்பவும் குழம்பு விட்டான், பிறகும் விட்டான். கோப்பை நிரம்பி மேசையில் வழிந்தது, அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மனிசி கண்ணூறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். நான் களைப்பு என்று நினைத்துப் படுக்க அனுப்பினேன். திங்கள் பயிற்சிக்குப் போய்விட்டான். தலை அடிபட்டதை யாருக்கும் சொல்லவில்லை என்று ஒரு வருஷம் கழித்துத்தான் சொன்னான். சொன்னால் அடுத்த ஆட்டத்தில் இறக்கமாட்டார்கள், வீடியோ போய்விடும், தேர்வாளர் பார்க்கமாட்டார்கள்.

ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பிள்ளை 2013இல் ரக்பி விளையாடி, சில நாட்களுக்குள் திரும்பத் திரும்பத் தலை அடிபட்டு இறந்துபோனாள். அவள் பெயரில் ஒன்ராறியோவில் சட்டம் இருக்கிறது. 2019 ஜூலை முதல் 26 வயதுக்குக் கீழ்ப்பட்ட விளையாட்டுக்காரர் மூளை அதிர்ச்சி பற்றிய குறிப்பை வாசித்து உறுதி தர வேண்டும். சந்தேகம் என்றாலே ஆட்டத்தில் இருந்து வெளியே எடுக்க வேண்டும் என்ற ஒழுங்கும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. என் மகன் அந்த ஓகஸ்டில் கையெழுத்து வைத்திருக்கிறான், வாசிக்காமல். யாரைப் போல என்று சொல்லத் தேவையில்லை. வெளிச்சம் கூசுவது, செய்ததையே திரும்பச் செய்வது, காரணமில்லாத கோபம், நித்திரை மாறுவது. இதில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கோ, பிள்ளை என்ன சத்தியம் பண்ணினாலும். கோர்னிஷே தலை அடிகளுக்குப் பிறகு 2015இல் விட்டுவிட்டு வெளியே வந்தவர். முழங்காலுக்கு நான் 60 தரம் காரோட்டினேன். தலைக்கு ஒரு தரம்கூட ஓட்டவில்லை.

2020 மார்ச்சில் ரொறன்ரோவில் நடக்கவிருந்த தேர்வு முகாமுக்கு அழைப்பு வந்தது. நாற்பது யார் ஓட்டம், 225 இறாத்தல் தூக்குவது, எல்லாவற்றுக்கும் ஆயத்தம். கொரோனா வந்து அது ரத்து. ஏப்ரல் 30 இரவு, ரீம்கள் முறை வைத்துப் புது ஆட்களைத் தெரிவு செய்கிற டிராஃப்ட் இணையத்திலேயே நடந்தது. மனிசி விளக்கேற்றி வைத்தாள், போனை நடுமேசையில் வைத்துவிட்டு மூன்று பேரும் சுற்றி இருந்தோம். எட்டுச் சுற்று. ஒரு சுற்றிலும் பெயர் வரவில்லை. நடுவில் போன் அடித்தது, இவன் பாய்ந்து எடுத்தான், என்ர அக்கா லண்டனில் இருந்து, “என்ன மாதிரி, கிடைச்சுதோ?” என்று.

நாலு நாள் கழித்து ஒரு ரீம் கூப்பிட்டது. டிராஃப்டில் எடுபடாத ஆளாக ஒப்பந்தம். அந்த வருஷம் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 65,000 டொலர் ஆகியிருந்தது. வீட்டில் ஒரே சந்தோஷம். நான் வேலைத்தலத்துக்கு ரோல்ஸ் கட்டிக்கொண்டு போனேன். அவன் பகுதிநேர வேலையை விட்டான், ஒரு கார் லீஸுக்கு எடுத்தான், என் கையெழுத்தோடு. எங்களுக்கு விளங்காதது: ஒப்பந்தம் என்பது வேலை இல்லை. அது முகாமுக்குள் போக ஒரு கடவுச்சீட்டு, அவ்வளவுதான். சம்பளம் சீசன் தொடங்கின பிறகு ஆட்டக்கணக்கில்தான் வரும், முகாமில் சின்னப்படி மட்டும். அதற்கு முன் எந்த நாளும் அனுப்பலாம், அனுப்பினால் ஒன்றும் தரத் தேவையில்லை. ஓகஸ்ட் 17ஆம் திகதி லீக் அந்த வருஷச் சீசனையே ரத்துச் செய்தது. காரைத் திருப்பிக் கொடுத்து வெளியே வர 4,100 டொலர் நட்டம். முதல் ஆட்டக் காசு கையில் விழுமட்டும் வேலையை விடவேண்டாம், புதுச் செலவு ஒன்றும் தலையில் ஏற்றவேண்டாம். இது ஃபுட்போலுக்கு மட்டும் இல்லை என்று மனிசி பக்கத்தில் இருந்து சொல்கிறாள்.

2021 ஜூலையில் முகாம் திறந்தார்கள். சாதாரண வருஷத்தில் சீசனுக்கு முன் பயிற்சி ஆட்டங்கள் இருக்கும், புதுப்பெடியள் தங்களைக் காட்டுவது அதில்தான். அந்த வருஷம் அதுவும் கிடையாது. ஆகவே பயிற்சி மைதானத்தில் காட்டுவதுதான் காட்டு. முதல் நாளே ஸ்பெஷல் ரீம் கோச் புதியவர்களை வரிசையில் நிறுத்தி, “எந்தக் கிக் ரீம்களில் எத்தனை வருஷம்?” என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இவன் முறை வந்தது. “ஒன்றிலும் இல்லை” என்றான். அவர் கையில் இருந்த பலகையில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்தவனிடம் போய்விட்டார். அந்த முகாமில் இரண்டு அமெரிக்க ரன்னிங் பாக்குகள், பிறகு இவனைப் போல இன்னொரு கனடாப் பெடியன். ஓட்டத்தில் இவனைவிடக் குறைவாம், இதை இவன் பொறாமையில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பெடியன் நாலு வருஷம் கிக் மறித்தவன். அவனை வைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் கூட்டிப் பார்த்தேன். கார்ட் தந்த மனிதருக்கும் அந்த முகாமுக்கும் 5,800, முழங்காலுக்கு 5,300, காருக்கு 4,100. விளையாட்டுக்காக ஒவ்வொரு தவணையும் குறைந்த பாடம் எடுத்தபடியால் பட்டம் முடிக்க மேலதிகமாக ஒரு வருஷப் படிப்பு, 9,000. மொத்தம் 24,200 டொலர். இதில் அவன் விரும்பி விளையாடினதற்கு ஆன செலவைச் சேர்க்கவில்லை, அதை நட்டம் என்று நான் சொல்லமாட்டேன். கடைசிக் கணக்குத்தான் ஆகத் தவிர்த்திருக்கக்கூடியது. கோடையில் ஒரு பாடம், இணையத்தில் ஒரு பாடம் என்று எடுத்திருந்தால் ரீமில் இருந்துகொண்டே முடித்திருக்கலாம். ரீமில் படிப்பு ஆலோசகர் இருக்கிறார், போய்க் கேட்கிறவர்களுக்கு உதவுகிறார். அவர் தேடி வரமாட்டார்.

வந்த முதல் மூன்று மாதம் வீட்டில் யாரோடும் கதைக்கவில்லை. பகலில் நித்திரை, இரவில் நடை. நான் வேலையால் வரும்போது விடியக்காலை ஐந்தரைக்கு வாசல்படியில் இருப்பான். ஒன்பது வருஷம் எப்போது எழும்புவது, என்ன சாப்பிடுவது என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. அதற்கும் ஆள் பார்க்க வேண்டும் என்று எங்கள் குடும்ப வைத்தியர்தான் சொன்னார், தலை அடிபட்ட கதையும் அவருக்கு முன்னால்தான் வெளியே வந்தது. இப்போது பட்டம் முடித்து ஒரு வேலையில் இருக்கிறான். சனிக்கிழமைகளில் ஸ்காபரோவில் சின்னப் பெடியளுக்குப் பழக்குகிறான். படிவத்தைத் தாய் தகப்பன் தன் முன்னால் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைக்க வேண்டுமாம், அதனால் சிலருக்கு அவனில் கோபம்.

போன நவம்பர் கிரே கப் இரவு வீட்டில் எல்லோரும் இருந்தோம். மனிசி கட்லெற் பொரித்துக்கொண்டிருந்தாள். பந்தை உதைத்தார்கள், நான் வழக்கம்போல அது மேலே போவதைப் பார்த்துக்கொண்டு கழுத்தை நிமிர்த்தினேன். மகன் என் முழங்கையில் தட்டினான். “அப்பா, பந்தைப் பார்க்காதேங்கோ. கீழ பாருங்கோ, இடப்பக்கக் கரையில ஓடுறவனைப் பாருங்கோ.” பார்த்தேன். ஒரு பெடியன் தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு பேருக்கு நடுவால் நுழைந்து, பந்து பிடித்தவனின் இடுப்பில் போய் மோதினான். “ரன்னிங் பாக்” என்றான் மகன். “கனடாக்காரன்.”